உருக்குக்கு ஏற்ற ஒட்டுக்கம்பி

1962 ஆம் ஆண்டு யூலை மாதம் 10 ஆந் திகதி, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் யாரா நதியைக் கடந்து செல்லும் கிங்ஸ் பாலத்தின்மீது 45 தொன் பாரமுள்ள வாகனமொன்று ஏறியது. அந்நாட்டில் அது குளிர்காலம். பாலம் திறக்கப்பட்டுப் பதினைந்து மாதங்களே கழிந்திருந்தன. வாகனத்தின் பாரமோ அப்பாலத்திற்கு அனுமதிக்கப்பட்ட அளவைக் கடந்ததன்று. எனினும், தென்புறத்துக் கண்ணொன்றின் உருக்கு உத்தரங்கள் முறிந்து, அக்கண் தொய்ந்து இறங்கிவிட்டது. கீழே எழுப்பப்பட்டிருந்த சுவர்கள் அதனைத் தாங்கிக்கொண்டமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை.

ஆராய்ந்தவர்கள் கண்டது யாது? உத்தரத்தின் கீழ்ப்பட்டைக்கு மேலும் வலிமையூட்டவென ஒரு தகட்டை அதன்மேல் வைத்து ஒட்டியிருந்தனர். அத்தகடு முடியுமிடத்தில், குறுக்காக இட்ட ஒட்டின் ஓரத்தில், விரிசல்கள் தோன்றியிருந்தன. அவை அன்று தோன்றியவையல்ல. ஒரு விரிசலின் உள்ளே, உத்தரத்தைச் செய்த பட்டறையில் இட்ட முதற்பூச்சே புகுந்திருந்தது. ஆற்றங்கரையைச் சேருமுன்னரே அவ்வுத்தரம் வெடித்திருந்தது. வெடிப்பின்மேல் அழகாகப் பூச்சும் பூசப்பட்டிருந்தது.

நேயர்களே, கலைப் பட்டதாரியான ஒரு பாடசாலை அதிபருக்கு உருக்கொட்டும் வேலையிலே என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என்னிடம் முன்னாளிற் படித்து, இப்போது ஒட்டுப்பட்டறை நடத்தும் ஒருவர், ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டும் பெட்டியொன்றின் இழுவைத்தண்டு முறிந்து அவரிடம் வந்திருக்கிறது. தண்டு சாதாரண இரும்பன்று, உயர்பல உருக்கு என்பதை அறிந்து, கடையிலே கிடைத்த கம்பிகளுள் எண் மிகக் கூடியதை, விலையும் கூடியதை, வாங்கி ஒட்டியிருக்கிறார். பார்வைக்கு ஒட்டு வெகு நேர்த்தி. மூன்றாம் நாள், பாரம் ஏற்றுமுன்னரே, தண்டு வெடித்துவிட்டது. "சேர், ஒட்டு உடையவில்லை. ஒட்டுக்குப் பக்கத்திலே இருந்த இரும்புதான் உடைந்தது. அது எப்படி?" என்றார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. ஆங்கில நூல்கள் சிலவற்றைத் தேடிப் பெற்று இருவருமாகப் படித்தோம். அவ்வாறு அறிந்ததையே இன்று உங்களுக்குக் கூறுகின்றேன்.

உயர்பலத் தாழ்கலப்பு உருக்கு என்பது, காபனைக் குறைவாகவே கொண்டு, நயோபியம், வனேடியம், தைத்தானியம் போன்ற உலோகங்கள் மிகச் சிறிதளவு, பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றின் பத்திலொரு பங்குக்கும் குறைவாக, சேர்க்கப்பட்ட உருக்கு. இச்சிறு சேர்க்கையும், தகட்டை உருட்டும்போது வெப்பத்தை அடக்கியாளும் முறையும் சேர்ந்து, உலோகத்தின் மணிகளை நுண்ணியவாக்குகின்றன. மணி நுண்ணியதானால் உருக்குக்குப் பலமும் கூடும், முறியாத் தன்மையும் கூடும். பலத்தைக் கூட்டும் வழிகள் பல. இரண்டையும் ஒருங்கே தரும் வழி இதனைப்போல வேறொன்றில்லை என்றே சொல்லலாம். பாரவண்டிகளின் சட்டம், பாரந்தூக்கிகளின் கை, பாலங்களின் உத்தரம் ஆகியவை இவ்வகை உருக்கினாற் செய்யப்படுவதற்கு இதுவே காரணம்.

இனிக் கம்பிக்கு வருவோம். பட்டறைகளில் எழுபது பதினெட்டு என்று வழங்கும் கம்பியின் முழுப் பெயர் ஈ 7018. இதில் 70 என்பது, உருகிப் படிந்த உலோகம் அறுவதற்கு முன் சதுர அங்குலமொன்றுக்கு 70,000 இறாத்தல் இழுவையைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். அடுத்த 1, எந்த நிலையிலும் வைத்து ஒட்டலாம் என்பதற்கு. இறுதி எண்ணும் அதற்கு முந்தியதும் சேர்ந்து, மேற்பூச்சு இரும்புத்தூள் கலந்த, ஐதரசன் குறைந்த வகை என அறிவிக்கின்றன. வாயுக் காப்புடன் சுருளிலிருந்து ஊட்டப்படும் ஈஆர் 70எஸ்-6 என்னும் கம்பியிலும் 70 க்கு அதே பொருள்தான். அதன் இறுதி ஆறு, மங்கனீசும் சிலிக்கனும் கூடுதலாக உள்ளன என்பதற்கு அடையாளம். அவை உருகிய உலோகத்திலுள்ள ஒட்சிசனைப் பற்றி வெளியேற்றுவன.

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். அமெரிக்க நியமத்தின்படி ஏ 572, தரம் 50 என்னும் உருக்கு மிகப் பரவலாக வழங்குவது. அந்த 50, உருக்கு அறும் பலமன்று. வளைந்து மீளாமல் இளகத் தொடங்கும் பலம், அதாவது 50,000 இறாத்தல். அது அறும் பலம் குறைந்தது 65,000. கம்பியின் எண்ணோ அறும் பலத்தைச் சொல்வது. ஆகவே 65 உக்கு 70 என ஒப்பிடவேண்டும். 7018 கம்பியே இவ்வுருக்குக்குப் போதிய இணையாகின்றது. உயர்பலம் என்ற பெயரைக் கேட்டு 110 என எண்ணிட்ட கம்பியைத் தேடி ஓடவேண்டியதில்லை. ஓடினால் நட்டமும் உண்டு. ஒட்டு ஆறும்போது சுருங்கும். கம்பி இளகும் இயல்புள்ளதாயின், சுருக்கத்தின் இழுவையை ஓரளவு தானே ஏற்றுக்கொள்ளும். மிகப் பலமுள்ள ஒட்டு இளகாது. இழுவை முழுவதையும் பக்கத்து உருக்கின்மேற் சுமத்திவிடும். மூலையில் இடும் ஒட்டுகளுக்கு, உருக்கைவிடச் சற்றுப் பலங்குறைந்த கம்பியையும் நியமங்கள் அனுமதிக்கின்றன. முனையோடு முனை சேர்த்து, நேரே இழுவிசை தாங்கும் ஒட்டுக்கு மட்டும் பலம் நிகராதல் வேண்டும்.

பக்கத்து உருக்கு ஏன் உடைகிறது என்பதற்கு நம் ஊர்க் கொல்லரிடமே விடையுண்டு. உளியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலே தோய்த்தால் அது கடினமாகும். கடினமாவதோடு நொறுங்குந் தன்மையும் பெறும். ஒட்டின் ஓரத்து உருக்கும் ஒரு கணத்திற் செந்தழலாகின்றது. சுற்றியுள்ள தடித்த குளிர்ந்த உருக்கு, தண்ணீர்த் தொட்டியைப் போல, அவ்வெப்பத்தை உறிஞ்சிவிடுகிறது. காபனும் மங்கனீசும் எவ்வளவுக்கு அதிகமோ அவ்வளவுக்கு அந்த ஓரம் கடினப்படும். இதனை அளக்கப் பொறியியலாளர் ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர்: காபனின் வீதத்துடன், மங்கனீசின் வீதத்தில் ஆறிலொன்றையும், குரோமியம், மொலித்தனம், வனேடியம் மூன்றின் கூட்டுத்தொகையில் ஐந்திலொன்றையும், நிக்கல், செம்பு இரண்டின் கூட்டுத்தொகையிற் பதினைந்திலொன்றையும் கூட்டுக. விடை 0.4 ஐத் தாண்டினால் முன்னெச்சரிக்கை வேண்டும். கிங்ஸ் பாலத்து உருக்கிலே காபனும் மங்கனீசும் மிகுந்திருந்த தகடுகள் இருந்தன. நெடுக்கு ஒட்டுகளை முடித்தபின் குறுக்கு ஒட்டை இட்டதனால், அது சுருங்க இடமின்றி இறுகியும் நின்றது. எனவே அங்கு நேர்ந்ததற்குக் கம்பியை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நீதியன்று.

கடினப்பட்ட ஓரமும் இழுவையும் இருந்தாலும், மூன்றாவதாக ஒரு பகைவன் வந்து சேர வேண்டும். அவனே ஐதரசன். கம்பியின் மேற்பூச்சிலுள்ள ஈரம், துரு, எண்ணெய், பழைய நிறப்பூச்சு ஆகிய இவையெல்லாம் மின்வில்லின் வெப்பத்தில் ஐதரசனை விடுகின்றன. அதன் அணு மிகச் சிறியதாகையால் அது உருகிய உருக்கிற் கரைந்து, ஆறியபின் மெல்ல நகர்ந்து, கடினப்பட்ட ஓரத்திலே திரளும். திரள நேரம் எடுக்கும். ஆதலாலேதான் விரிசல் ஒட்டியவுடன் தோன்றாமல், சில மணி கழித்தோ சில நாள் கழித்தோ தோன்றுகிறது. மிகுபல உருக்குகள் சிலவற்றில், ஒட்டு முடிந்து 48 மணி நேரம் சென்ற பின்னரே இறுதிச் சோதனை செய்யவேண்டுமென்று அமெரிக்க நியமம் கூறுவது இதனாலேயே. என் மாணவரின் மூன்றாம் நாட் புதிரும் இதனால் அவிழ்ந்தது.

அப்படியானால், பலத்தின் எண்ணைப் பார்க்குமுன் ஐதரசனின் எண்ணைப் பார்க்கவேண்டும் என்பது என் துணிபு. உறையின்மேல் எச் 4 என்றிருந்தால், படியும் உலோகம் நூறு கிராமுக்கு ஐதரசன் 4 மில்லிலீற்றருக்கு மேற்படாது. எச் 8 என்றால் 8. செலுலோசுப் பூச்சுள்ள 6010 போன்ற கம்பிகள் ஐதரசனை மிகுதியாக விடுவன. சாதாரண இரும்புக்கு அவை நல்லவை, தடித்த உயர்பல உருக்குக்கு ஆகா. வாயுக்காப்புக் கம்பியில் ஈரம் ஏற்கும் பூச்சே இல்லாமையால் அது இயல்பாகவே சுத்தமானது. ஆயினும் காற்று வீசும் வெளியிடத்தில் அதன் காப்பு வாயு பறந்துவிடும்.

ஐதரசன் குறைந்த கம்பி என்று பெயரிட்டுவிட்டதனால் அது என்றும் அவ்வாறே இருக்குமென எண்ணலாகாது. பெட்டியை உடைத்த பின்னர் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பிலே வைத்திருத்தல் வேண்டும். வெளியே எடுத்த 7018 கம்பியை நான்கு மணி நேரத்துக்குமேற் காற்றுப்பட விடலாகாது. ஈரம் ஏறினால் 260 க்கும் 430 க்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணி நேரமாவது சுடவேண்டும். நமது மாரிக்காலக் காற்றில், திறந்த பெட்டியை அலுமாரியின் மேல் வைப்பவர் எத்தனை பேர்! வெயிலிற் காயவைத்தாற் போதும் என்று நம்புவோரும் உளர். வெயில் அந்த ஈரத்தை எடுக்கமாட்டாது.

வேறு தேவைகளும் சில உண்டு. கடுங்குளிரிற் பயன்படுவதாயின், நிக்கல் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டரை வரை சேர்ந்த கம்பியைத் தெரிவர். நிக்கல் குளிரில் முறியாத் தன்மையைத் தருவது. பூச்சின்றி வெயில் மழையில் நிற்கும் செம்பு கலந்த உருக்குக்கும் நிக்கற் கம்பி ஏற்றது. இல்லையேல் ஒட்டின் நிறம் வேறாகும், துருவும் வேறாகப் பிடிக்கும். ஒரே ஓட்டத்தில் இடும் சிறிய ஒட்டாயின் சாதாரணக் கம்பியே போதும். அருகிலுள்ள உருக்கு உருகிக் கலந்து, குறைந்ததை நிரப்பிவிடும்.

என் மாணவர் அந்த இழுவைத்தண்டை மீண்டும் எடுத்தார். வெடித்த பகுதியை அடிவரை அரைத்து நீக்கினார். துருவையும் நிறத்தையும் போக்கி, குறித்த வெப்பத்தில் உருகும் வண்ணக்கோலாற் கீறிப் பார்த்துத் தண்டைச் சூடேற்றினார். புதிய பெட்டியிலிருந்து எடுத்த 7018 கம்பியால் ஒட்டி, சாக்கினாற் போர்த்தி மெல்ல ஆறவிட்டார். பெட்டிக்கு உரியவர் அடுத்தநாட் காலையிலேயே நெல் ஏற்ற வேண்டுமென்று வாசலில் வந்து நின்றார். இரண்டு இரவு கழிந்து, ஓரத்தை உருப்பெருக்கும் கண்ணாடியாற் பார்த்த பின்னரே தருவேன் என்று கூறி அவரை அனுப்பிவிட்டார்.