பழைய மருத்துவமனைகளில் தீ: வட்டார அடையாளக் கட்டடங்களின் வரலாறு எழுதப்படும் முறை குறித்து ஒரு பார்வை

திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் ஒரு கட்டடத்தைப் பற்றிக் கூறும்போது, கட்டியவர் பெயரையும் காலத்தையும் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். பின்னர் அது எவ்வெவற்றுக்குப் பயன்பட்டது என்பது விரிவாக எழுதப்படுவதில்லை. திருவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் அரண்மனை பிற்காலத்தில் நீதிமன்றமாக இயங்கியது, இராசபாளையத்தில் பூ.ச. குமாரசுவாமி ராஜாவின் இல்லம் காந்தி கலை மன்றமாயிற்று. கட்டடத்தின் வயதைவிட இத்தகைய பயன்பாட்டு மாற்றங்களே அதன் தீ இடரைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. இதனைத் தெளிவாகக் காட்டுபவை பழைய மருத்துவமனைகள். எனவே, முதலில் பிற நகரங்களின் சான்றுகளைக் காண்போம்.

19ஆம் நூற்றாண்டில் நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்று பரவலாக நம்பப்பட்டது. அதனால் மருத்துவமனைகள் உயர்ந்த கூரை, எதிரெதிர்ச் சன்னல்கள், நீண்ட திறந்த தாழ்வாரங்கள் ஆகியவற்றோடு கட்டப்பட்டன. நம்பிக்கை பிழையாயிற்று, அமைப்போ வேறொரு வகையில் பயன் தந்தது. மருத்துவமனைத் தீயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சுடரன்று, புகையே. திறந்த தாழ்வாரம் புகையை வெளியேற்றும்; எழுந்து நடக்க இயலாத நோயாளியைக் கட்டிலோடு அடுத்த கூடத்திற்கு நகர்த்த வழியும் தரும். இடநெருக்கடி மிகும்போது இத்தாழ்வாரங்களே முதலில் அடைக்கப்பட்டுக் கிடங்கறைகளாகின்றன. விளக்குக்கும் விசிறிக்கும் இழுக்கப்பட்ட பழைய மின்கம்பிகள் குளிரூட்டிகளின் சுமையையும் தாங்க வேண்டியதாகிறது.

1664இல் தொடங்கிய சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் 2022 ஏப்ரல் 27 அன்று தீப்பற்றியது. நோயாளிகள் வெளியேற்றப்பட்டனர், உயிரிழப்பு இல்லை. இதற்கு மாறாக, கொல்கத்தாவில் பழைமையற்ற ஒரு தனியார் மருத்துவமனையில், வாகன நிறுத்தத்திற்குரிய அடித்தளம் கிடங்காகப் பயன்பட்ட நிலையில், 2011 திசம்பர் 9 அன்று தீ மூண்டது. கண்ணாடியால் மூடப்பட்ட அக்கட்டடத்தில் புகை மேல்தளங்களுக்குப் பரவி, ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். ஆகவே, பழைமையையே குற்றவாளியாக்கி இடித்துவிடுவது சரியான தீர்வாகாது.

மருத்துவமனை அல்லாத கட்டடங்களுக்கும் இது பொருந்தும். 1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான கலச மகால் அரசு அலுவலகமாக இருந்தபோது, 2012 சனவரியில் எரிந்தது. அதன் கூரை, மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு அமைந்தது. உத்திரம் கருகினால் அவ்வகைக் கூரை மொத்தமாக இறங்கும். தீயணைக்கும் பணியில் ஒருவர் உயிரிழந்தார். கோப்புகளும் சாம்பலாயின.

1875இல் தொடங்கப்பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பென்னிங்டன் நூலகத்தை ஆராய்பவரும், இரு ஊர்களின் பழைய மருத்துவமனைகளை ஆராய்பவரும் சில எளிய வினாக்களைக் கேட்கலாம். மின்னிணைப்பு எந்த ஆண்டில் வந்தது? தாழ்வாரம் எப்போது அடைக்கப்பட்டது? பழைய தாள்கள் எங்கே குவிக்கப்பட்டுள்ளன? விடைகளைப் பொதுப்பணித் துறையின் அளவுப் புத்தகங்களிலும், ஓய்வுபெற்ற செவிலியர், மின்பணியாளர் ஆகியோரின் நினைவுகளிலும் தேடலாம். நினைவுகளை முதலில் பதிவுசெய்தல் நலம். அளவுப் புத்தகங்களும், பலவேளைகளில், அடைக்கப்பட்ட ஏதோவொரு தாழ்வாரத்தில்தான் கிடக்கின்றன.