பங்குக் கிணறும் பங்குச் சேர்வரும்

தெல்லிப்பழையின் செம்பாட்டுத் தோட்டங்களுக்குப் பாய ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கி, கிணற்றில் ஊறினால்தான் வெங்காயமும் மிளகாயும். ஒரு கிணற்றில் பல காணிக்காரருக்குப் பங்கு இருந்தால் இறைப்புக்கு முறை வைப்பார்கள். துலா மிதித்த காலத்தில் பனையோலைப் பட்டை கொள்ளுமளவுதான் ஒருவர் அள்ள முடியும். கட்டுப்பாடு கருவியிலேயே இருந்தது. இறைப்பு மிசின் வந்த பிறகு ஒருவர் நினைத்தாலே கிணற்றை வற்றடிக்கலாம். மேலும் இழுத்தால் உவர் ஏறும்.

ஒரே சேர்வரைப் பல இணையத்தளங்கள் பங்குபோடுவதும் இப்படித்தான். முன்பு ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி முகவரி தேவைப்பட்டது. 1997இல் வந்த எச்டிடிபி 1.1 விதிப்படி, உலாவி தான் தேடும் தளத்தின் பெயரையும் கேள்வியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். கடிதத்தில் ஆள் பெயர் இருந்தால் ஒரே வளவுக்குள் பத்துக் குடும்பம் இருந்தாலும் தபாற்காரருக்குக் குழப்பமில்லை அல்லவா? ஒரு முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியேறின, வாடகையும் மலிந்தது.

தகவல் பாயும் வேகத்துக்குக் கலைச்சொல் 'பட்டையகலம்'. இந்தப் பட்டை வேறு, துலாப் பட்டை வேறு, ஆனாலும் பொருத்தம்தான்.

வாடகைக்கு விடுபவர் "மாதம் 10 ஜிபி" என்பார். அதை முப்பது நாளுக்கும் சமமாகப் பரப்பினால் நொடிக்கு 31 கிலோபிட் வரும். பழைய தொலைபேசி மோடத்தின் 56 கிலோபிட்டை விடக் குறைவு. இருநூறு தளங்கள் தம் பங்கை முழுதாக எடுத்தாலும் சராசரி 6.2 மெகாபிட்தான். 100 மெகாபிட் இணைப்புக்கு அது தூசு. அப்படியானால் நெருக்கடி எங்கிருந்து வருகிறது? எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதால்.

துர்க்கை அம்மன் கோயில் தேரன்று இரவு எட்டு மணிக்கு ஓர் ஊர்த்தளத்தில் இருபது படங்கள் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். புலம்பெயர்ந்த ஊரவர் இருக்கும் லண்டனில் அப்போது பிற்பகல் மூன்றரை, டொராண்டோவில் காலை பத்தரை. படம் ஒன்று 5 எம்பி. முந்நூறு பேர் ஒன்றாகத் திறந்தால் 30 ஜிபி. அந்த 100 மெகாபிட் இணைப்பு நாற்பது நிமிடம் இந்த ஒரு தளத்துக்கே போய்விடும். அயல் தளங்கள் வாய்பார்த்து நிற்கும். மாத அளவு இங்கே காவல் செய்யாது. அது தீரும்போது அயலவர் ஏற்கெனவே மாட்டுப்பட்டிருப்பார். அதன்பிறகு '509' என்ற பிழை எண்ணோடு தளமே மூடப்படலாம்.

அயலைக் காப்பது வேகக் கட்டுப்பாடு. அதன் பரவலான முறைக்கு 'டோக்கன் வாளி' என்று பெயர். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வாளி. அதில் நொடிதோறும் குறித்த அளவு டோக்கன் விழும். தகவல் பொட்டலம் வெளியேற டோக்கன் கொடுக்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் டோக்கன் வாளி நிறையுமட்டும் சேரும்; கூட்டம் வந்தால் கொஞ்ச நேரம் விரைந்து ஓடலாம். வாளி வெறுமையானால் பொட்டலம் காத்திருக்கும். லினக்சில் இவ்வாளிகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடும் உண்டு: ஒரு தளம் சும்மா கிடந்தால் அதன் பங்கை இன்னொன்று இரவல் வாங்கலாம், உரியவர் வந்ததும் விட்டுவிட வேண்டும். அயல் காணி தரிசாகக் கிடக்கும்போது அவரின் முறையைக் கேட்டு வாங்கி இறைப்பதுபோல.

நம் தளத்துக்கு 10 மெகாபிட் என்று கட்டிவிட்டார்கள், இரவலும் கிடைக்கவில்லை என்றால் அந்த 30 ஜிபி போய்ச்சேர ஆறு மணித்தியாலம் நாற்பது நிமிடம் ஆகும். படத்தை 200 கேபிக்குச் சுருக்கினால் மொத்தம் 1.2 ஜிபி, பதினாறு நிமிடம் போதும். கைத்தொலைபேசித் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது அரிது.

கிணற்றடியில் முறைக்குச் சண்டை பிடிக்குமுன், தண்ணீர் பாத்திக்குப் போகிறதா, வாய்க்காலிலேயே ஊறி முடிகிறதா என்று ஒருதரம் நடந்து பார்ப்பார் நல்ல தோட்டக்காரர்.