மூன்று பென்ஸில் தொடங்கிய விடுதலைக் கணக்கு

நான் சரித்திரம் படித்தவன் அல்ல. இன்ஜினீயரிங் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி, ஸ்டோர்ஸ் லெட்ஜர் இவற்றோடுதான் என் காலம் போயிற்று. ஓய்வுக்குப் பின் படித்த புத்தகங்களில் ஒன்று மட்டும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. 1789-ஆம் ஆண்டு லண்டனில் வெளியான ஒரு சுயசரிதை அது. எழுதியவர் ஒலாடா எக்வியானோ. ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர்.

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அடிமை முறை ஒழிப்பைப் பற்றி இரண்டு பத்தி படிக்கிறார்கள். சட்டத்தின் பெயரும் வருஷமும் அதில் இருக்கும். அடிமைப்பட்ட ஒரு பையன் தன் விடுதலைக்காக எப்படிக் காசு சேர்த்தான் என்பது இராது. அந்தக் கணக்கைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பதினொரு வயதில் களவு போனவன்

இன்றைய நைஜீரியாவில் உள்ள இக்போ மக்களின் ஊரில், சுமார் 1745-இல் பிறந்ததாக எக்வியானோ எழுதுகிறார். பதினொரு வயதிருக்கும்போது, பெரியவர்கள் வயல் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் சுவரேறிக் குதித்து அவனையும் அவன் தங்கையையும் தூக்கிச் சென்றார்கள். சில நாட்களில் இருவரையும் பிரித்துவிட்டார்கள். பல மாதங்கள் கழித்து வழியில் தற்செயலாக ஒருமுறை சந்தித்தார்கள். காவலுக்கு இருந்தவன் இருவருக்கும் நடுவே படுத்திருக்க, அவன் மார்புக்கு மேலாகக் கை நீட்டி இரவெல்லாம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். பொழுது விடிந்ததும் மறுபடி பிரித்தார்கள். அதன்பின் அந்தத் தங்கையை அவர் பார்க்கவே இல்லை.

கடற்கரையில் அடிமைக் கப்பல் காத்திருந்தது. கீழ்த்தளத்தில் திரும்பிப் படுக்க இடமில்லாத நெரிசல், சங்கிலி, நாற்றம், மரண ஓலம். பார்படோஸ் தீவில் மேளம் அடித்ததும் வாங்குபவர்கள் பாய்ந்து வந்து வேண்டிய ஆட்களைப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே விலைபோகாத அவனை வர்ஜீனியாவுக்குக் கொண்டுபோனார்கள். (அவருடைய ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த இடம் கரோலினா என்று இருப்பதால், அவர் பிறப்பிடம் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. பின்னால் வரும் வரவு செலவுக் கணக்கை அந்த விவாதம் பாதிக்கவில்லை.)

கப்பலில் கிடைத்த படிப்பு

வர்ஜீனியாவில் அவனை வாங்கியவர் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி மைக்கேல் பாஸ்கல். வாங்கியதும் பெயரை மாற்றினார். ஸ்வீடன் நாட்டு அரசர் ஒருவரின் பெயரான 'குஸ்தாவஸ் வாசா' என்பது புதிய பெயர். பையன் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. அடி விழுந்தது. அடிக்கு மேல் அடி விழுந்த பிறகு திரும்பிப் பார்த்தான். வடக்கே நம் இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயராக எழுதிவிட்டாலே நமக்கு மனசு சங்கடப்படுகிறது. அந்தக் குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும்!

கப்பலில் ரிச்சர்ட் பேக்கர் என்று ஒரு வெள்ளைக்காரப் பையன். இவனைவிட நாலைந்து வயது மூத்தவன். பாஷை தெரியாத இவனுக்கு அவன்தான் துணையாகவும் வாத்தியாராகவும் இருந்தான். இரண்டு ஆண்டு நட்புக்குப் பின் 1759-இல் அவன் இறந்துபோனான். டேனியல் குவீன் என்ற மாலுமி முகச் சவரம் செய்யக் கற்றுக்கொடுத்தார். பைபிள் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார். இங்கிலாந்தில் இருந்தபோது கொஞ்ச நாள் பள்ளிக்கூடமும் கிடைத்தது. 1759-இல் லண்டனில் ஞானஸ்நானமும் ஆயிற்று. அதே ஆண்டு போர்ச்சுகல் கரையோரம் பிரெஞ்சுக் கப்பல்களோடு நடந்த சண்டையில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே பீரங்கிக்கு மருந்து சுமந்து ஓடினான். யுத்தம் முடிந்தால் விடுதலை என்று நம்பியிருந்தான்.

1762 டிசம்பரில் கப்பல் தேம்ஸ் நதிக்குள் வந்து நின்றது. அன்றே பாஸ்கல் அவனை ஜேம்ஸ் டோரன் என்ற கேப்டனுக்கு விற்றுவிட்டார். பதினேழு வயதுப் பையன் டோரனிடம் நேருக்கு நேர் வாதாடினான். இத்தனை வருஷம் உழைத்ததற்கு வந்த சம்பளத்தையும் பரிசுப் பணத்தையும் பாஸ்கலே எடுத்துக்கொண்டார், எனக்கு வந்தது ஆறே பென்ஸ். நான் ஞானஸ்நானம் பெற்றவன், என்னை விற்க யாருக்கும் சட்டப்படி உரிமை கிடையாது என்றான். நீ அளவுக்கு மீறி இங்கிலீஷ் பேசுகிறாய் என்பதே டோரனின் பதில். கப்பல் மேற்கிந்தியத் தீவான மாண்ட்செராட்டுக்குப் புறப்பட்டது.

கண்ணாடித் தம்ளர்

மாண்ட்செராட் கரும்புத் தோட்டத் தீவு. அங்கே 1763-இல் அவனை வாங்கியவர் ராபர்ட் கிங், குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த வியாபாரி. மற்றவர்களைப் போலக் கொடுமைக்காரர் அல்ல. ஆனால் முதலாளி முதலாளிதான். எழுதப் படிக்கத் தெரிந்த, கணக்குத் தெரிந்த, கப்பல் வேலை தெரிந்த பையன், சம்பளமில்லாமல் குமாஸ்தா வேலை பார்த்தான். ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல் தன்னால் கிங்குக்கு மிச்சமாயிற்று என்று எக்வியானோ எழுதுகிறார். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிங்கின் கப்பல் ஒன்றில் தாமஸ் ஃபார்மர் என்ற கேப்டனுடன் தீவு தீவாகப் போய்வரும் வேலை கிடைத்தது. கையில் இருந்த முதல் மூன்று பென்ஸ். டச்சுக்காரர்களின் செயின்ட் யூஸ்டேஷியஸ் தீவில் அதற்கு ஒரு கண்ணாடித் தம்ளர் வாங்கி, மாண்ட்செராட்டில் ஆறு பென்ஸுக்கு விற்றான். அடுத்த நடையில் இரண்டு தம்ளர், அதற்கடுத்து நான்கு. பிறகு ஒரு ஜாடி ஜின் சாராயம். ஒன்றரை மாதத்துக்குள் முதல் ஒரு டாலர் ஆயிற்று.

தாண்ட வேண்டிய தொலைவு எவ்வளவு? அவனை வாங்கிய விலை 40 பவுண்டு. தீவு நாணயத்தில் அது 70 பவுண்டு; ஆங்கில நாணயத்தில் 9,600 பென்ஸ். மூன்று பென்ஸ் 3,200 மடங்காகப் பெருக வேண்டும்.

பெருகியதை நிம்மதியாக வைத்துக்கொள்ளவும் முடியாது. சான்டா குரூஸ் தீவில் எலுமிச்சையும் ஆரஞ்சும் விற்கக் கொண்டுபோனபோது, வெள்ளைக்காரர்கள் இருவர் மூட்டைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். கறுப்பரின் சாட்சி எடுபடாத ஊரில் யாரிடம் முறையிடுவது? கெஞ்சி அழுது ஒரு பகுதியை மீட்டான். கூட வந்த முதியவரின் மூட்டை மட்டும் திரும்ப வரவில்லை. தன் பழங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்துவிட்டு, மீதியைச் சந்தையில் விற்றான்.

ஓடிப்போகவும் வாய்ப்பு வந்தது. குவாடலூப் தீவில் பிரான்சுக்குப் புறப்பட்ட கப்பல்களுக்கு ஆள் பற்றாக்குறை. உடனிருந்த வெள்ளை மாலுமிகள் நல்ல கூலிக்கு அவற்றில் ஏறிக்கொண்டு இவனையும் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. ஓடிப்போன அடிமைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்கள் செய்தது நியாயமே. இவன் தேர்ந்துகொண்டது வேறு வழி. பின்னர் ஒருமுறை, இவன் ஓடப் பார்க்கிறான் என்று யாரோ கோள் மூட்ட, கிங் இவனை விற்கவே துணிந்தார். அப்போது குவாடலூப்பில் நடந்ததைச் சொல்லிக் காப்பாற்றியவர் கேப்டன் ஃபார்மர். மனம் மாறிய கிங், 40 பவுண்டு கொடுத்தால் விடுதலை என்று வாக்குக் கொடுத்தார். வியாபாரத்துக்குச் சர்க்கரையும் ரம்மும் கடனாகத் தந்தார்.

விடுதலைப் பத்திரம்

1766-இல் கையிருப்பு சுமார் 47 பவுண்டு ஆயிற்று. ஒரு காலை, கிங்கும் ஃபார்மரும் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பணத்தோடு போய் நின்றான். கிங் திகைத்துப்போனார். இவ்வளவு சீக்கிரம் சேர்த்துவிடுவான் என்று தெரிந்திருந்தால் வாக்குக் கொடுத்திருக்க மாட்டேன் என்கிற தொனியில் பேசினார். ஃபார்மர்தான் குறுக்கிட்டு, இவனால் உங்களுக்கு ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல் லாபம், போட்ட முதல் எப்போதோ வட்டியோடு வந்துவிட்டது, சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள் என்றார். கிங் சம்மதித்தார். பையன் பதிவு அலுவலகத்துக்கு ஓடினான். பதிவாளர் வாழ்த்துச் சொல்லிக் கட்டணத்தில் பாதி, ஒரு கினி, மட்டும் வாங்கிக்கொண்டார். 1766 ஜூலையில் பத்திரம் கைக்கு வந்தது. வயது இருபத்தொன்று.

லெட்ஜர் பார்த்துப் பழகிய எனக்கு இந்த இடம் உறுத்துகிறது. ஆண்டுக்கு நூறு பவுண்டு மிச்சப்படுத்தியவன், கிங்கிடம் மூன்று ஆண்டு இருந்தான். அவன் பக்கம் முந்நூறு பவுண்டு வரவு இருக்க வேண்டும். அவனோ மேலும் 40 பவுண்டு கட்டி, தன்னையே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நல்ல முதலாளி என்று பெயரெடுத்தவரின் கணக்கே இப்படி என்றால், மற்றவர்கள் கணக்கைச் சொல்லவே வேண்டாம்.

பத்திரம் இருந்தாலும் பயம் போகவில்லை. ஜோசப் கிளிப்சன் என்ற இளைஞர் அதே கப்பலில் வேலை செய்தவர். பிறவியிலேயே சுதந்திரமானவர், மனைவி, குழந்தை உள்ளவர், சான்றிதழும் வைத்திருந்தார். பெர்முடாவைச் சேர்ந்த கேப்டன் ஒருவன் வந்து, நீ அடிமைதான் என்று சொல்லி இழுத்துப்போனான். மனைவி மக்களிடம் சொல்லிக்கொள்ளவும் விடவில்லை. எக்வியானோவையே ஜார்ஜியாவில் கடத்திப்போகப் பார்த்தார்கள். விடுதலை பெற்ற அடுத்த ஆண்டே அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

பிறகு யாருக்குப் பணம் போயிற்று?

1781-இல் 'சாங்' என்ற கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்ட அடிமைகளை உயிரோடு கடலில் தள்ளினார்கள். கப்பல் முதலாளிகள் அதற்கு இன்ஷூரன்ஸ் பணமும் கேட்டார்கள். 1783-இல் இந்தச் செய்தியை அடிமை ஒழிப்புக்காகப் போராடிய கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டு சேர்த்தவர் எக்வியானோதான். அவர் புத்தகம் அவர் வாழ்நாளிலேயே ஒன்பது பதிப்புக் கண்டது. 1797-இல் காலமானார். பத்து ஆண்டு கழித்து, 1807-இல், பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது.

1833-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையையே ஒழித்தது. அப்போது நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் அது. அத்தனையும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கே போயிற்று. விடுதலையான சுமார் 8 லட்சம் பேருக்கு ஒரு பென்னி கிடையாது. போதாக்குறைக்கு, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் 1838 வரை 'பயிற்சியாளர்' என்ற பெயரில் பழைய எஜமானர்களிடமே உழைக்க வேண்டியிருந்தது. அதற்காக வாங்கிய கடனைப் பிரிட்டிஷ் அரசு அடைத்து முடித்தது 2015-இல்தான்!

அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தவில்லை. இந்தியாவில் 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம்தான் அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கக் கூடாது என்றது. அதற்கு முன்பே, 1834 முதல், மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலுக்குப் போயிற்று. ஒப்பந்தக் கூலி அடிமை அல்ல. ஆனால் தன்னால் படிக்க முடியாத காகிதத்தில் கைநாட்டு வைத்தவன்.

இது பழங்கதை என்று சொல்லவும் வழியில்லை. நான் பணியில் இருந்தபோது, அகலப்பாதை மாற்றும் வேலை ஒன்றில், மண் சுமக்க ஒரு பதினைந்து வயதுப் பையன் வந்திருந்தான். அப்பா வாங்கிய முன்பணத்துக்காக உழைக்கிறேன் என்றான். இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டேன். தெரியாது, மேஸ்திரி நோட்டில் இருக்கிறது என்றான். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு எங்கள் முன்னிலையில் சம்பளம் பட்டுவாடா ஆக வேண்டும் என்ற விதியும் இருந்தது. அந்த விதியைக் காட்டி நோட்டை வாங்கிப் பார்த்தோம். கடன் முன்பே தீர்ந்திருந்தது. பையன் ஊருக்குப் போனான்.

எக்வியானோவுக்கும் அவனுக்கும் நான் கண்ட வித்தியாசம் ஒன்றுதான். எக்வியானோவுக்குத் தன் கணக்கு தன் கையில் இருந்தது. எழுத்தும் எண்ணும் தெரிந்ததால் எவ்வளவு பாக்கி என்று அவரால் சொல்ல முடிந்தது. என்ன அநியாயம் நடந்தது என்று பின்னால் உலகத்துக்கும் சொல்ல முடிந்தது. நம் வீடுகளில், கட்டட வேலையிடங்களில், வாசலுக்கு வரும் வேலைக்காரச் சிறுமிகளில் யாருடைய கணக்கு யார் நோட்டில் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் விசாரிக்கலாம். நம் சங்கத்தில் மாலை வகுப்பு எடுக்கும் அன்பர்கள், தமிழ் எழுத்தோடு அந்த ஊர் மொழியில் கூலிச் சீட்டு வாசிக்கவும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் பெரும் புண்ணியம்.