தனியா டென்னிஸ் ஆட பால் மெஷின் வாங்கலாமா?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். மேலநீலிதநல்லூர்ல இருந்து ஒரு நேயர் அனுப்பியிருந்தார். சென்னை கம்பெனி வேலையை இப்போ ஊர்ல இருந்தே பார்க்கிறார். அவரோட தங்கச்சி ஒன்பதாம் வகுப்பு, டென்னிஸ்னா உயிர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் பிடிச்சு பாளையங்கோட்டைக்குப் போய் கோச்சிங். மத்த ஆறு நாளும் எதிர்ல நின்னு ஆட ஆள் கிடையாது. "நான் ராக்கெட்டைத் தொட்டதே இல்ல. சேமிப்பை உடைச்சு ஒரு பால் மெஷின் வாங்கிக் கொடுத்துடட்டுமா?" இதுதான் கேள்வி.

அந்தப் பக்கம் கடையில டென்னிஸ் பால் கேட்டா, கிரிக்கெட்டுக்குத்தான்னு நினைச்சு எடுத்துக் கொடுப்பாங்க. ஆனா தென்காசிச் சீமைக்கும் டென்னிஸுக்கும் பழைய உறவு உண்டு. ராமநாதன் கிருஷ்ணன் குடும்பத்தோட வேர் தென்காசியிலதான். அவருக்கு ஆட்டத்தைக் கத்துக்கொடுத்தது அவரோட அப்பா டி.கே. ராமநாதன். 1954-ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1960, 1961 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி. எதிர்ல நின்னு பந்து போட வீட்டுலயே ஒரு ஆள் இருந்தா எவ்வளவு தூரம் போகலாம்னு இதுல தெரியுது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவோம்.

மெஷினுக்குள்ள என்ன நடக்குது?

ஆள் இல்லாத குறைக்கு மெஷின் தேடினது இன்னைக்கு நேத்து கதை இல்ல. முதலைச் சின்னம் போட்ட டி-ஷர்ட் இருக்குல்ல, அந்த ரெனே லாகோஸ்ட் பிரான்ஸ் நாட்டு சாம்பியன். 1920-களிலேயே கையால சுத்துற ஒரு பந்து எறியும் மெஷினை அவர் உருவாக்கிட்டார்.

இன்னைக்கு வர்ற மெஷின்கள் பெரும்பாலும் ரெண்டு வகை. ஒண்ணு, சக்கர வகை. எதிரெதிராச் சுத்துற ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல பந்து போகும், கரும்பு மெஷின்ல கரும்பு போற மாதிரி. ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தினா பந்து சுழலாம நேரா வரும். மேல் சக்கரம் வேகமாச் சுத்தினா டாப்ஸ்பின், கீழ் சக்கரம் வேகமாச் சுத்தினா பேக்ஸ்பின். இன்னொண்ணு, காத்தழுத்த வகை. பந்துக்குப் பின்னாடி காத்தை அடைச்சுத் தள்ளிவிடும். தேய்மானம் கம்மி, ஆனா பெரும்பாலும் பிளக் பாயின்ட் வேணும். திறந்த மைதானத்துல ஆடுறவங்களுக்கு பேட்டரியில ஓடுற சக்கர வகைதான் சரி.

பந்தை வலது, இடதுன்னு மாத்திப் போடுற வசதி இருக்கான்னு அவசியம் பாருங்க. இல்லன்னா ஒரே இடத்துல நின்னு அடிச்சுப் பழகிடுவோம். மேட்ச்ல கால்தான் முதல்ல தோத்துப் போகும்.

விலையில எழுதாத செலவு

வெளிநாட்டு பிராண்டுகள் பல, சுங்கம் எல்லாம் சேர்ந்து இங்க வந்து இறங்கும்போது லட்சத்தைத் தாண்டிடும். அதோட முடியாது. பந்து? ஒரு கேன்ல மூணுதான். 60 பந்துன்னா 20 கேன். சாதாரண டென்னிஸ் பந்துக்குள்ள காத்தழுத்தம் இருக்கும், கேனைத் திறந்ததுமே அது மெல்லக் குறைய ஆரம்பிச்சிடும். அதனால மெஷினுக்கு அழுத்தமில்லாத பந்து வாங்குறது லாபம், அது ரப்பரோட பலத்துலேயே எழும்பும். வாங்கின பந்து சரியான்னு வீட்டுலயே பார்க்கலாம். 254 செ.மீ. உயரத்துல இருந்து சிமென்ட் தரையில விட்டா, விதிப்படி 135-ல இருந்து 147 செ.மீ. வரைக்கும் எழும்பணும்.

இன்னொரு கணக்கு. ஆறு விநாடிக்கு ஒரு பந்துன்னா, 60 பந்து ஆறே நிமிஷத்துல தீர்ந்துடும். அப்புறம் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கணும். 120 பந்தாவது பிடிக்கிற கூடை இருந்தாதான் பயிற்சி மாதிரி இருக்கும். மெஷினே 15, 20 கிலோ இருக்கும். மைதானத்துக்குத் தினமும் தூக்கிட்டுப் போறது யாரு?

ஊரோட குணமும் இருக்கு. காத்தாலை சுத்துற பூமி அது. ஆடிக் காத்துல மெஷின் குறி வச்ச இடத்துல பந்து விழாது. மண் ஒட்டின பந்தோ ஈரப் பந்தோ போட்டா சக்கரம் வழுக்கும். பேட்டரி போனா சங்கரன்கோவில்ல கிடைக்குமா, இல்ல மெஷினையே பார்சல் கட்டணுமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

அப்போ என்ன பண்ணலாம்?

மெஷின் வீண்னு நான் சொல்லல. ஒரே ஷாட்டை நூறு தடவை அலுக்காம போட அதை விட்டா ஆள் இல்ல. ஆனா எதிராளியோட தோளையும் ராக்கெட்டையும் பார்த்து, பந்து எங்க வரும்னு கணிக்கிற வித்தையை அது சொல்லித் தராது. சர்வுக்கோ மெஷினே தேவையில்ல. ஒரு கூடை பந்தும் காலி கோர்ட்டும் போதும்.

அடுத்து, சுவர். டென்னிஸ் வலையோட உயரம் நடுவுல 91 செ.மீ., ஓரத்துல 107. சுவர்ல ஒரு மீட்டர் உயரத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு, ஆறேழு மீட்டர் தள்ளி நின்னு அடிக்கட்டும். பந்து சீக்கிரமே திரும்பி வரும், அதனால ஆரம்பத்துல ரெண்டு பிட்ச் ஆன பிறகு அடிச்சாலும் தப்பில்ல.

இப்போ அந்த அண்ணனுக்கு. தம்பி, உங்களுக்கு டென்னிஸ் தெரிய வேண்டாம். கோச்சுங்களே பக்கத்துல நின்னு கையால பந்து போட்டுத்தான் பழக்குறாங்க. கூடையோட நாலு மீட்டர் தள்ளி, அடி படாத மாதிரி கொஞ்சம் பக்கவாட்டுல நில்லுங்க. கீழ்க்கையா, ஒரு பிட்ச் ஆகுற மாதிரி போடுங்க. ஒண்ணு வலது, ஒண்ணு இடது. எந்தப் பக்கம் தடுமாறுறாளோ அந்தப் பக்கம் கூட நாலு. இந்தக் கடைசி விஷயம் எந்த மெஷினுக்கும் தானா தோணாது.

லாப்டாப்பை மூடிட்டு சாயங்காலம் அரை மணி நேரம், மூணு மாசம் இப்படிப் போடுங்க. அதுக்கப்புறமும் அவ "இன்னும் வேகமாப் போடுண்ணே"ன்னு கேட்டா, கோச்சிங்ல கூட இருக்கிற ரெண்டு, மூணு குடும்பத்தோட பேசி, பங்கு போட்டு மெஷின் வாங்குங்க. சேமிப்பு அதுவரைக்கும் பேங்க்லேயே இருக்கட்டும்.

மூணு மாசம் கழிச்சு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. இந்தத் தடவை தங்கச்சியையும் பேசச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே!