இலாபம் ஒன்றுதானா?

புதுத்தொழில் காண்பவரை உந்துவது பொருளாசையே என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 1877-இல் நாகபுரியில் அவர் திறந்த பஞ்சாலை நல்ல வருவாய் தந்தது. வட்டிக்கணக்குப் பார்க்கும் மனம் அத்துடன் அமைதி பெற்றிருக்கும். அவரோ 1882-இல் சாந்தா மாவட்டத்து இரும்புத்தாதுவைப் பற்றிய அறிக்கையொன்றைக் கண்டார். எஃகாலை எண்ணம் அன்றே வேரூன்றியது. சுரங்க விதிகள் நெடுங்காலம் குறுக்கே நின்றன. அவை 1899-இல் தளர்ந்தன. 1902-இல், அறுபத்து மூன்றாம் வயதில், வல்லுநரைத் தேடி அமெரிக்கா சென்றார். தொழிலாளர் நகரில் அகன்ற வீதிகளும் நிழல்தரும் மரங்களும் வேண்டுமென்று அவ்வாண்டிலேயே மகனுக்கு எழுதினார். ஆலைக்கு உரிய இடமே அப்போது தெரிவாகவில்லை என்பதை நாம் கருதவேண்டும்! 1904-இல் அவர் மறைந்தார். சாக்சியில் முதல் எஃகு வார்க்கப்பெற்றது 1912-இல்.