பொட்டு வைக்கும் இடம் பொய் சொல்லாது

ஆள்காட்டி விரலைப் பொட்டு வைக்கும் இடத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். உடனே எலும்பு தட்டும். அங்கே தோலும் சதையும் சேர்ந்தே 5 மில்லிமீட்டர் சொச்சம்தான். விரலை மூக்குத் தண்டு வழியாக இறக்குங்கள். கெட்டி எலும்பு முடிகிற இடத்தில் அது சுமார் 3 மில்லிமீட்டர். மோவாயில் 10, 11. இப்போது கன்னத்தின் பின்பக்கம் கையை வைத்துப் பல்லைக் கடியுங்கள். உள்ளே ஒரு தசை புடைக்கிறதல்லவா? அங்கே எலும்பைத் தொட கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும்.

நம்மை நாமாகக் காட்டுவது இந்தச் சில மில்லிமீட்டர்தான். மண்டையோட்டுக்கு முகம் கொடுப்பவர்களின் மூலதனமும் இதுவே. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் தாழிகளிலிருந்து எடுத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளுக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் முகம் வடித்தது. 2025-இல் அந்தப் படங்கள் வெளியானபோது, ‘எங்க ஊர்ப் பெரியவர் மாதிரியே இருக்காரே’ என்று பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனோம். அந்தக் கன்னத்தின் பருமனை எப்படி முடிவு செய்தார்கள் என்று எத்தனை பேர் யோசித்தோம்?

ஊசியும் ரப்பர் துண்டும்

கதை ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தொடங்குகிறது. இசைமேதை பாக் 1750-இல் இறந்தார். புதைத்த இடத்தில் கல் இல்லை, பெயர் இல்லை. 1894-இல் யோஹானிஸ் தேவாலயத்துக்கு அருகே தோண்டியபோது ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அது பாக்தானா என்று பார்க்கும் பொறுப்பு உடற்கூறியல் பேராசிரியர் வில்ஹெல்ம் ஹிஸ்ஸிடம் வந்தது.

ஹிஸ் ஒரு தையல் ஊசியை எடுத்தார். அதில் சின்ன ரப்பர் துண்டைக் கோத்தார். பிணங்களின் முகத்தில் குறித்த இடங்களில் ஊசியை எலும்பு தட்டும்வரை செலுத்தினார். ரப்பர் தோலோடு ஒட்டி மேலே நகரும். ஊசியை உருவி, முனைக்கும் ரப்பருக்கும் உள்ள தூரத்தை அளந்தால் சதையின் கனம் தெரிந்துவிடும். அந்த அளவுகளை வைத்துச் சிற்பி கார்ல் செஃப்னர், மண்டையோட்டின் வார்ப்பின் மேல் களிமண்ணால் முகம் செய்தார். பாக் உயிரோடிருந்தபோது வரைந்த ஓவியங்களோடு அது ஒத்துப்போனது.

ஹிஸ் அளந்தவர்களில் ஆண்கள் 24 பேர். பெண்கள் நாலே பேர். பிணத்தின் சதை வற்றும், சரியும் என்ற சிக்கல் வேறு. இன்று உயிரோடிருப்பவர்களை அல்ட்ராசவுண்டிலும் சி.டி. ஸ்கேனிலும் அளக்கிறார்கள். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சி.டி. ஸ்கேனுக்கு மல்லாந்து படுக்க வேண்டும். படுத்தால் கன்னச் சதை காதுப் பக்கம் வழியும். சந்தேகமிருந்தால் கைக்கண்ணாடியை மேலே பிடித்துக்கொண்டு மல்லாந்து பாருங்கள். சில வயது குறைந்திருக்கும்!

ஆணா, பெண்ணா?

ஆண் முகத்தில் புருவ மேடு, உதடு, மோவாய்ப் பக்கம் சதை சற்றுக் கனம். பெண்ணுக்குக் கன்னத்தில் கொழுப்பு சற்றுக் கூடுதல். அதனால் இரு பாலருக்கும் தனித்தனி அட்டவணை போடுவது நெடுநாள் வழக்கம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் கார்ல் ஸ்டீஃபனும் சகாக்களும் 2005-இல் அந்த வழக்கத்தையே கேள்வி கேட்டார்கள். பல இடங்களில் ஆண் சராசரிக்கும் பெண் சராசரிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஓர் ஆணுக்கும் இன்னோர் ஆணுக்கும் இடையிலான வித்தியாசம் அதைவிடப் பெரியது. ஒல்லியா, குண்டா என்பதுதான் கன்னத்தைத் தீர்மானிக்கிறது.

பிறகு எப்படிப் பார்த்ததுமே ஆண், பெண் என்று கண்டுபிடித்துவிடுகிறோம்? பெரும்பங்கு எலும்புக்கு: புருவ மேடு, தாடையின் அகலம், மோவாயின் சதுரம். மிச்சம் தோலுக்கு. ஆணின் தோல் தடிமன். தாடி முடியின் வேரும் எண்ணெய்ச் சுரப்பிகளும் வாயைச் சுற்றி அடர்ந்திருக்கும். பெண்களுக்கு மேலுதட்டில் விழும் செங்குத்துச் சுருக்கம் ஆண்களிடம் குறைவாக இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் பெண்ணின் தோலில் உள்ள கொலாஜன் புரதம் சுமார் 30 சதவீதம் குறைவதாகவும் ஒரு கணக்கு உண்டு.

மாதுளைக் கன்னம்

வயதானால் சதை தொங்கும் என்பது பாதி உண்மை. முகக் கொழுப்பு ஒரே விரிப்பாக இல்லை. மாதுளையை உடைத்தால் சவ்வு சவ்வாகப் பிரிந்திருக்குமே, அப்படி அறை அறையாக இருக்கிறது. இறந்தவர்களின் முகத்தில் சாயம் செலுத்தி, அது எங்கே பரவுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்து, 2007-இல் அமெரிக்க மருத்துவர்கள் ரோரிச்சும் பெஸ்ஸாவும் இதைக் காட்டினார்கள். வயதாகும்போது ஆழத்தில் இருக்கும் அறைகள் வற்றுகின்றன. முட்டு போனதும் மேலே இருப்பவை சரிகின்றன. கண்ணுக்குக் கீழே பள்ளமும் தாடையோரத்தில் தொங்கலும் ஒரே முகத்தில் வருவது இதனால்தான்.

எலும்பும் சும்மா இருப்பதில்லை. கண்குழி அகலமாகும், மேல்தாடை பின்வாங்கும். பல் விழுந்தால் அதைத் தாங்கிய தாடை எலும்பு கரையும். பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்ட பாட்டியைப் பாருங்கள்: உதடு உள்ளே மடிந்து, மூக்கு நுனியும் மோவாயும் கிட்டக்கிட்ட வந்துவிடும். அதே பாட்டி பல்செட்டை மாட்டினால் பத்து வயது திரும்பிவிடுகிறது.

ஆக, மண்டையோடு பாலைச் சொல்லும், ஏறக்குறைய வயதைச் சொல்லும். ஆனால் அந்த மனிதர் வயிறாரச் சாப்பிட்டாரா, கடைசி ஆண்டுகளில் கன்னம் ஒட்டிக் கிடந்தாரா என்று சொல்லாது. அந்த இடத்தைச் சராசரிதான் நிரப்புகிறது. அடுத்தமுறை கொந்தகைப் பெரியவர்களின் படத்தைப் பார்த்தால், கன்னத்தை வைத்து முகஜாடை தேடாதீர்கள். பொட்டு வைக்கும் இடத்தையும் மூக்குத் தண்டையும் பாருங்கள். சதை மெலிந்த அந்த இடங்களில்தான் ஊகத்துக்கு இடம் குறைவு.