அறை நண்பன் தரும் மாத்திரை

திருவெறும்பூரிலும் துவாக்குடியிலும் விடுதிகளில் தங்கிப் பயிலும் மாணவர்கள் பலர் ஜும்ஆவிற்கு வருகின்றனர். காய்ச்சல் என்பவரிடம் மருத்துவரைப் பார்த்தீரா என வினவினால், "அறையில் மாத்திரை இருந்தது ஹஜ்ரத்" என்பதே பெரும்பாலும் மறுமொழி. யாருக்கோ, எதற்கோ எழுதித் தந்ததில் மீந்த மாத்திரை அது!

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். அப்போது உடல்வலிக்கென இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் உண்டால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். பாராசிட்டமாலே உகந்தது, அதற்கும் அளவுண்டு. 650 மில்லிகிராம் மாத்திரையுடன் சளி மாத்திரையும் விழுங்குவோர், பின்னதிலும் பல வேளை பாராசிட்டமால் கலந்திருப்பதை அறிவதில்லை. அளவு மிஞ்சினால் கல்லீரல் கெடும்.

சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. வீணாக உண்டால், மருந்துக்கு அடங்காத கிருமிகளே உடலில் பெருகும். ஆகவேதான் செஃபிக்ஸிம் போன்றவற்றை விற்கும் கடைக்காரர், மருத்துவர், நோயாளி பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டுமென்னும் விதி 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. அறை நண்பனிடம் பதிவேடு ஏது?

அவன் பாசத்தால்தான் தருகிறான். எனினும், மருத்துவம் அறியாது மருத்துவம் செய்பவரே விளைவுக்குப் பொறுப்பாளி என்னும் கருத்தில் நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

பாசமுள்ள நண்பர் செய்யத்தக்கது வேறு. டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால், மறுநாள் தேர்வென்றாலும் நள்ளிரவென்றாலும் பாராது மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். உண்ட மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.